நட்டோடயா, சும்மாவா? – திருகாணியும் போல்டும்: ஓர் ஒப்பாய்வு

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் எந்த இரும்புச் சாமான் கடை முன்னால் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணா, அரை இஞ்ச் போல்ட் நாலு குடுங்க." டப்பாவுக்குள் கைவிடும் முன் கடைக்காரர் கேட்பார்: "நட்டோடயா, சும்மாவா?" வந்தவர் ஒரு கணம் யோசிப்பார். நட்டோடு என்றால் இரண்டு இரும்புத் துண்டுகளைத் துளைத்து ஊடே கோக்கப் போகிறார். சும்மா என்றால் அவருடைய மோட்டாரிலோ வண்டியிலோ மரை வெட்டிய துளை ஏற்கெனவே இருக்கிறது, அதற்குள் முறுக்கப் போகிறார். கடைக்காரருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

திருகாணிக்கும் போல்டுக்கும் என்ன வேறுபாடு என்று பொறியியல் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கூர்முனை உள்ளது திருகாணி, மொட்டை முனை உள்ளது போல்ட் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிறியது ஒன்று, பெரியது மற்றொன்று என்பவர்களும் உண்டு. வடிவத்தைப் பார்த்து ஏற்படும் எண்ணங்கள் இவை. பிடி எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்த்தால்தான் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன.

இதைப் பார்க்கக் கோலார் தங்கவயல் நல்ல இடம். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகள் இங்கே பூமியைத் துளைத்தார்கள். சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இறங்கி ஏறின. அந்தக் கூண்டையும், அது தொங்கிய கோபுரத்தையும், இழுத்த இயந்திரத்தையும், ஊருக்கு வந்த இருப்புப்பாதையையும் கட்டிப் பிடித்திருந்தவை ரிவெட்டும் திருகாணியும் போல்டும்தான். தங்கத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதை மேலே கொண்டுவரத் துணைநின்ற இந்த இரும்புத் துண்டுகளைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

பெயர்கள் சொல்வதும் மறைப்பதும்

'திருகு' என்பது வினைச்சொல். திருகி ஏற்றும் ஆணி திருகாணி. செய்யும் செயலையே பெயராக்கிய சொல் இது. போல்டையும் திருகித்தான் ஏற்றுகிறோம். ஆகவே அந்தப் பெயர் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. பாடநூல்களில் 'மரையாணி' என்ற சொல்லும் உண்டு. மரை இரண்டிலும் இருப்பதால் அதுவும் இவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. பட்டறைத் தமிழ் இந்தக் குழப்பத்தை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. 'ஸ்குரூ' என்று தனியே சொல்வார்கள். மற்றதைச் சொல்லும்போது பெரும்பாலும் 'நட்டு போல்ட்' என்று சேர்த்தே வரும். புருஷன் பெண்டாட்டி போல இரண்டு சொல்லும் ஒன்றாக நடக்கின்றன. துணையோடு சேர்த்துப் பெயர் சொல்லும் இந்தப் பழக்கத்தில் சரியான பொறியியல் அறிவு இருக்கிறது.

அமெரிக்கத் தர விதிகள் வகுத்த இலக்கணமும் இதையேதான் சொல்கிறது. இணைக்க வேண்டிய துண்டுகளின் துளைகள் வழியே நுழைந்து, மறுபக்கத்தில் நட்டைத் திருகி இறுக்குவதற்காக ஆனது போல்ட். துண்டிலேயே வெட்டிவைத்த மரையில் பொருந்தியோ, தானே மரை உண்டாக்கிக்கொண்டோ, தலையைத் திருகி இறுக்குவதற்காக ஆனது திருகாணி. எதைப் பிடித்துத் திருகுகிறோம், எதிர்மரை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் விஷயம் முடிந்துவிடுகிறது.

பன்னாட்டுத் தரமும் அதைத் தழுவிய இந்தியத் தரமும் இதே பெயர்களுக்கு வேறு பொருள் தருகின்றன. ஐ.எஸ். 1364 என்ற இந்தியத் தர ஆவணத்தின் முதல் பகுதி அறுகோணத் தலைப் போல்டுகளைப் பற்றியது, இரண்டாம் பகுதி அறுகோணத் தலை ஸ்குரூக்களைப் பற்றியது, மூன்றாம் பகுதி நட்டுகளைப் பற்றியது. முதல் இரண்டுக்கும் தலை ஒன்று, விட்டம் ஒன்று, ஸ்பேனரும் ஒன்று. தண்டின் ஒரு பகுதி மரையில்லாமல் வழவழப்பாக இருந்தால் அது போல்ட். தலையடி வரை மரை ஓடினால் ஸ்குரூ. ஆகவே அமெரிக்க இலக்கணப்படி போல்டாக வேலை செய்யும் ஒன்று, இந்திய ஆவணப்படி ஸ்குரூ என்ற பெயரோடு கடைக்கு வரலாம். அமெரிக்கச் சுங்கத்துறை இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. இரண்டுக்கும் வரி வேறு வேறாக இருந்ததே அதற்குக் காரணம்.

இந்த இரண்டு இலக்கணங்களும் முரண்படுவதாக நான் கருதவில்லை. தண்டில் மரையற்ற பகுதி ஏன் விடப்படுகிறது என்று யோசித்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஊடே நுழையும் போல்டில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும் இடத்தில் வெட்டுவிசை விழும். அந்த இடத்தில் மரையின் பள்ளம் இருந்தால் தண்டு மெலிந்து நிற்கும். முழுத் தடிமனோடு வழவழப்பான தண்டு அங்கே நிற்பதே நல்லது. மரைத்துளைக்குள் போகும் திருகாணிக்கோ எவ்வளவு நீளம் மரை இருக்கிறதோ அவ்வளவு வசதி. வேலை கேட்பதைத்தான் வடிவம் தந்திருக்கிறது.

ஒரே ஆணி, இரண்டு துளை

12 மில்லிமீட்டர் ஆணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதைத் திருகாணியாகப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபிட்டர் 10.2 மி.மீ. டிரில் பிட்டால் துளையிட்டு, டாப் போட்டு மரை வெட்டுவார். போல்டாகப் பயன்படுத்த வேண்டுமானால் 13 அல்லது 13.5 மி.மீ. துளையிட்டு அப்படியே விடுவார். முதல் துளை ஆணியைவிடச் சிறியது, இரண்டாவது பெரியது. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஆணியின் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

சிறிய துளைக்குள் போன ஆணி, தான் நுழைந்த பொருளை நம்பி நிற்கிறது. பொருள் கெட்டியானால் பிடி கெட்டி, பொருள் மெத்தென்றிருந்தால் பிடியும் மெத்து. அதனால்தான் எஃகுக்குள் போகும் திருகாணிக்கு அதன் விட்ட அளவு ஆழம் போதும் என்றும், வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு வேண்டும் என்றும், அலுமினியத்தில் இரண்டு மடங்கு வேண்டும் என்றும் பட்டறையில் கணக்குச் சொல்வார்கள். மரத்துக்குள் போகும் திருகாணியின் கதையும் இதுதான். அது நார்களை விலக்கிக்கொண்டு தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொள்கிறது. அந்த நார்களின் பிடி தளராமல் இருக்கும் வரைதான் அதன் பிடி.

பெரிய துளை வழியே நுழைந்த ஆணிக்குத் துளையின் சுவரோடு உறவில்லை. அது தன் துணையான நட்டைக் கையோடு கொண்டுவருகிறது. நட்டை முறுக்க முறுக்கத் தண்டு மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட தண்டு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும்போது தலையும் நட்டும் நடுவிலுள்ள தகடுகளை இருபுறமும் நெருக்குகின்றன. போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். 8.8 தரமுள்ள 12 மி.மீ. போல்ட் ஒன்றை முறையாக முறுக்கினால் மூன்றரை டன்னுக்குக் குறையாத எடைக்குச் சமமான நெருக்கத்தைத் தரும். தலையில் பொறித்திருக்கும் அந்த எண்ணுக்கும் பொருள் உண்டு. முதல் 8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 8 என்றால் அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 நியூட்டன் வரை, நிரந்தரமாக நீண்டுவிடாமல் மீளும்.

முறுக்குகிறவர் தரும் உழைப்பில் பெரும்பகுதி நெருக்கமாக மாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூறு பங்கு முறுக்கினால் ஏறத்தாழ ஐம்பது பங்கு தலையின் அல்லது நட்டின் அடிப்பகுதி உராய்விலும், நாற்பது பங்கு மரையின் உராய்விலும் போய்விடும். எஞ்சிய பத்துப் பங்குதான் தண்டை இழுக்கும். எண்ணெய் பட்ட மரையையும் துருப்பிடித்த மரையையும் ஒரே பலத்தோடு முறுக்கினால் ஒரே பிடி கிடைக்காததற்குக் காரணம் இதுதான். இந்த விதி திருகாணிக்கும் போல்டுக்கும் பொது.

ஒரே தண்டவாளத்தில் இருவரும்

இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கப் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரும் இருப்புப்பாதையைவிட நல்ல பாடம் இல்லை. சுரங்கத்துக்காகப் போட்ட பாதை அது. சுரங்கம் மூடிய பின், விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கிறது. இன்று எங்கும் காங்கிரீட் ஸ்லீப்பரும் ஸ்பிரிங் கிளிப்பும் வந்துவிட்டன. மரக்கட்டை ஸ்லீப்பர் இருந்த காலத்து முறையை நினைவில் கொண்டுவந்து பார்க்கலாம்.

ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில் இருபுறமும் ஃபிஷ்பிளேட் வைத்து, தண்டவாளத்துக்கு இரண்டாக நான்கு போல்டுகள் கோத்து நட்டு முறுக்குவார்கள். தண்டவாளத்தின் துளை போல்டைவிடப் பெரிதாக இருக்கும். வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் தேவை. பிடிக்க வேண்டும், ஆனால் அசையவும் விட வேண்டும் என்ற இரட்டை வேலையைப் போல்டுதான் செய்யும். துளைச் சுவரோடு அதற்கு ஒட்டுதல் இல்லை என்பதே இங்கே அதன் பலம்.

அதே தண்டவாளத்தைக் கீழே உள்ள கட்டையோடு பிணைக்கக் கட்டைக்குள் பெரிய திருகாணிகளை இறக்கினார்கள். கட்டைக்கு அடியில் ஜல்லி. அங்கே கைவிட்டு நட்டுப் போட வழியில்லை. மறுபக்கம் கைக்கு எட்டாத இடத்தில் திருகாணிதான் கதி. பொருளையே நட்டாக்கிக்கொள்வது அதற்கு மட்டுமே தெரிந்த வித்தை.

இரண்டும் தேயும் விதத்தைப் பாருங்கள். தினமும் தண்டவாளத்தோடு நடந்துபோகும் கீமேன், தளர்ந்த ஃபிஷ் போல்டைப் பார்த்தால் ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டு நடையைக் கட்டுவார். தேய்ந்திருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவார். தண்டவாளத்துக்குச் சேதமில்லை. கட்டைத் திருகாணி தளர்ந்தால் கதை வேறு. திருகாணி புதிதாகவே இருக்கலாம், கெட்டுப்போனது கட்டையின் துளை. அந்த ஓட்டையில் எத்தனை புதுத் திருகாணி போட்டாலும் நிற்காது. ஓட்டைக்கு ஆப்பு அடைத்து மறுபடி துளைக்க வேண்டும், அல்லது கட்டையையே மாற்ற வேண்டும். போல்டின் தவறைப் போல்டு ஏற்றுக்கொள்கிறது. திருகாணியின் தவறைத் தாய்ப்பொருள் சுமக்கிறது. இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான் என்பது என் துணிவு.

புல்டோசர் கற்றுத்தரும் பாடம்

1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தை ஊர் மக்கள் 'பெமல்' என்பார்கள். ஜப்பானின் கோமட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு இங்கே புல்டோசர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். மண்ணைத் தள்ளும் அந்தக் கத்தியின் அடியில் ஒரு வெட்டுப் பட்டை இருக்கும். கல்லிலும் மண்ணிலும் உரசித் தேய்ந்துகொண்டே இருப்பது அதன் விதி. தேய்ந்ததும் கழற்றிப் புதிய பட்டை போட வேண்டும். ஆகவே பட்டையைக் கத்தியோடு இணைப்பது போல்டும் நட்டும். தலை பட்டைக்குள் அமிழ்ந்து, மண் உரசாதபடி சமமாக நிற்கும். தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருப்பதால் போல்ட் தானாகச் சுழலாது. பின்பக்கம் நட்டை மட்டும் திருகினால் போதும். சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு தகட்டையும் நான்கு நான்கு போல்டுகள் பிடிக்கின்றன. அவையும் தேய்ந்து மாறும் உறுப்புகள்தான்.

அதே வண்டியின் எஞ்சினைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு பிணைக்கும் தண்டுகளை எல்லோரும் 'ஹெட் போல்ட்' என்றே சொல்கிறோம். நட்டு எங்கே? பிளாக்கிலேயே மரை வெட்டியிருக்கிறது, தலையைத் திருகித்தான் இறுக்குகிறோம். அமெரிக்க இலக்கணப்படி இது திருகாணி. நீர் ஓடும் வழிகளும் எண்ணெய் ஓடும் வழிகளும் நிறைந்த பிளாக்கின் அடியில் நட்டுக்கு இடமில்லாததால் இந்த ஏற்பாடு. ஆனால் இங்கே பிளாக்கின் மரை போய்விட்டால் செலவு பெரிது. துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரையைச் செருகிப் பிழைக்க வைக்கலாம். அதுவும் தேர்ந்த கையால்தான் ஆகும்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு நடுவழி உண்டு. அது ஸ்டட். இரண்டு முனையிலும் மரை, தலை கிடையாது. ஒரு முனையைப் பிளாக்குக்குள் ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு தொடுவதில்லை. அடிக்கடி கழற்றிப் பூட்டும் வேலையெல்லாம் மேல் முனையின் நட்டோடு போய்விடும். கீழே திருகாணி, மேலே போல்ட். தாய்ப்பொருளின் மரையைத் தேயவிடாமல் காக்கும் இந்த அமைப்பைக் கண்டவர்கள் திருகாணியின் பலவீனத்தை நன்றாக அறிந்தவர்கள்.

மரைக்கு மரை பொருந்தாத காலம்

துணையைக் கையோடு கொண்டுவருவது போல்டின் பலம் என்றேன். அந்தத் துணை தனக்கு ஏற்ற துணையாக இருக்க வேண்டும். தங்கவயலுக்குள் மூன்று மரைகள் வந்து சேர்ந்த கதை இது.

1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர், பட்டறைக்கு ஒரு மரை என்று இருந்த நிலையை மாற்ற ஒரே மரையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அரை அங்குலப் போல்டில் அங்குலத்துக்கு 12 மரை. பிரிட்டிஷ் இயந்திரங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் இதன்படி ஓடின. அமெரிக்காவில் 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். அங்கே அரை அங்குலப் போல்டில் அங்குலத்துக்கு 13 மரை. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பிரிட்டிஷ் நிறுவனம் நடத்திய இந்த ஊருக்காக அங்கே மின்னாக்கிகளை அமைத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். பிறகு வந்த புல்டோசர் காலத்தில் 60 பாகை மெட்ரிக் மரை. 12 மி.மீ. போல்டுக்கு மரைக்கு மரை 1.75 மி.மீ. இடைவெளி.

அரை அங்குல விட்வொர்த் நட்டை அரை அங்குல அமெரிக்கப் போல்டில் ஏற்றிப் பாருங்கள். முதலில் ஏறும். பொருந்திவிட்டது என்று தோன்றும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு அங்குலத்துக்கு ஒரு மரை என்ற வித்தியாசம் கூடிக்கூடி இறுகி நின்றுவிடும். பலம் போட்டுத் திருகினால் மரை அடிபடும். போல்டில் இந்தத் தவறு நேர்ந்தால் ஒரு நட்டோடு நஷ்டம் முடிந்தது. மரைத்துளைக்குள் தவறான திருகாணியைப் பலவந்தமாக ஏற்றினால் இயந்திரத்தின் உடம்பே புண்ணாகும். மரை அளவி என்னும் சிறு சீப்புத் தகடுகளைப் பட்டறையில் பொக்கிஷமாக வைத்திருந்ததற்கு இதுவே காரணம். 'மரை கழன்றவன்' என்று தமிழில் ஒருவரைச் சொல்லும்போது நாம் ஆணியைக் குறை சொல்வதில்லை, பொருத்தத்தைத்தான் சொல்கிறோம்.

பாறையைப் பிடிக்கும் போல்ட்

இலக்கணங்கள் எல்லைக்கு வந்து நிற்கும் இடமும் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. ஆழம் கூடக் கூட, மேலே உள்ள பாறையின் பாரம் வெட்டிய குடைவின் ஓரங்களில் குவிகிறது. தாங்க முடியாத கட்டத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும். தங்கவயலின் பாறைவெடிப்புகள் எத்தனையோ குடும்பங்களின் விளக்கை அணைத்தன. மரத்தாலும் கருங்கல் கட்டாலும் பின்னாளில் காங்கிரீட்டாலும் குடைவுகளைத் தாங்கிப் பார்த்தார்கள். இந்த அனுபவம் திரண்ட மண்ணில்தான் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கியது.

உலகெங்கும் சுரங்கங்களிலும் மலைக்குகைப் பாதைகளிலும் இன்று பாறைப் போல்ட் பயன்படுகிறது. கூரையில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் துளையிட்டு, ஒரு தண்டை உள்ளே செலுத்துவார்கள். அதன் உள்முனை விரியும் ஓட்டினாலோ, சிமென்ட் அல்லது பிசின் கலவையாலோ பாறையைப் பற்றிக்கொள்ளும். வெளிமுனையில் தகடு வைத்து நட்டை முறுக்குவார்கள். முறுக்கும்போது தளர்ந்த பாறை அடுக்குகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே உத்திரம்போல் நிற்கும். முட்டுக்கொடுத்தால் கூரையைக் கீழிருந்து தாங்குகிறோம். பாறைப் போல்ட் போட்டால் கூரை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்படி செய்கிறோம்.

இது போல்டா, திருகாணியா? நட்டு இருக்கிறது, தகடு இருக்கிறது, துளை தண்டைவிடப் பெரியது, தண்டு இழுபட்டு நெருக்குகிறது. அதுவரை போல்ட். ஆனால் மறுமுனை போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒருவரும் போய் நட்டுப் போட முடியாது. அங்கே பிடி முழுக்கத் தாய்ப்பாறையின் கையில். அந்த வகையில் இது திருகாணியின் குணம் கொண்டது. பாறை பலவீனமாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த எஃகாலும் பயனில்லை. அதனால்தான் பாறைப் போல்டைப் போட்டதோடு விடாமல், மாதிரிக்குச் சிலவற்றை இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறார்கள். ஆணியையும் பாறையையும் ஒருசேரச் சோதிக்கும் சோதனை அது.

எப்படி உடைகிறார்கள்?

ஒருவரின் குணம் நெருக்கடியில் தெரியும் என்பார்கள். இவற்றுக்கும் அது பொருந்தும். நட்டின் உயரத்தைத் தீர்மானித்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தரம் ஒத்த நட்டையும் போல்டையும் அளவுக்கு மீறி முறுக்கினால் மரை வழுக்குவதற்கு முன் தண்டு முறியும்படி அந்த உயரத்தை வைத்தார்கள். தண்டு முறிந்தால் சத்தம் கேட்கும், கண்ணுக்குத் தெரியும், உடனே மாற்றிவிடலாம். மரை வழுக்கியது வெளியே தெரியாது. பூட்டியதுபோலவே இருக்கும், ஆனால் பிடி இருக்காது. மறைந்திருக்கும் பலவீனத்தைவிட வெளிப்படையான முறிவு மேல் என்பது அந்த வடிவமைப்பின் அறம்.

மெத்தென்ற பொருளுக்குள் போன திருகாணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அலுமினியத்திலும் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பெரும்பாலும் முதலில் தோற்பது பொருளின் மரைதான். ஸ்பேனரில் முறுக்குகிறவரின் கை 'இன்னும் கொஞ்சம்' என்று நினைக்கும் அந்தக் கணத்தில் பிடி போய்விடும்.

அதிர்வு இருவருக்கும் எதிரி. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், தண்டுக்குக் குறுக்காக ஏற்படும் அதிர்வுதான் மரையை அதிகம் தளர்த்துகிறது என்று சோதனை செய்து காட்டினார். தகடுகள் பக்கவாட்டில் சறுக்கும் ஒவ்வொரு தரமும் மரையின் உராய்வு ஒரு கணம் செயலிழக்க, நட்டு மெல்லத் திரும்புகிறது. இதற்குப் போல்டிடம் பல மருந்துகள் உண்டு. லாக் நட்டு, இரட்டை நட்டு, தண்டில் துளையிட்டுக் கோக்கும் ஸ்பிளிட் பின் என்று வகைவகையாகப் பூட்டலாம். திருகாணிக்கு வழிகள் குறைவு. தலைக்கடியில் பூட்டு வாஷர், மரையில் ஒட்டும் திரவம், அல்லது தலையைத் துளைத்துக் கம்பி கட்டுவது. இருவருக்கும் பொதுவான முதல் மருந்து ஒன்றே: முறையான அளவுக்கு முறுக்குவது.

போல்டுக்கே எல்லா வெற்றியும் என்று எண்ணிவிடக் கூடாது. போல்டுக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும், இரண்டு ஸ்பேனர் வேண்டும், பல நேரம் இரண்டு ஆளும் வேண்டும். எடை கூடும், பின்பக்கம் நட்டு துருத்தி நிற்கும். சுவர்க்கடிகாரத்தையோ மின்மீட்டர் மூடியையோ வீட்டுக் கதவின் கீலையோ நட்டு போல்டால் பூட்டினால் வேலைக்கு ஆகாது. ஒரு பக்கம் மட்டுமே கைக்கு எட்டும் இந்த உலகத்தில் பாதி வேலைகள் திருகாணியால்தான் நடக்கின்றன. கதவுக் கீலைத் திருகாணி பிடிக்கிறது. பாரமான மரக் கேட்டின் கீல் என்றால் ஆசாரியே நட்டு போல்ட் கேட்பார். அவருக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. பாரம் ஏறும்போது மரத்தின் நாரை மட்டும் நம்பக் கூடாது என்பது கை கற்ற அறிவு.

தேர்வதற்கு மூன்று கேள்விகள்

இவ்வளவையும் சுருக்கினால் மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. மறுபக்கம் கைக்கு எட்டுமா? நுழையும் பொருள் மரையைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியா, போதிய ஆழம் உள்ளதா? எத்தனை முறை கழற்றிப் பூட்டப் போகிறோம்? எட்டாவிட்டால் திருகாணி. பொருள் மெலிதாகவோ பாரம் பெரிதாகவோ இருந்தால் போல்ட். அடிக்கடி கழற்ற வேண்டியிருந்து, மறுபக்கமும் எட்டாவிட்டால் ஸ்டட். கெட்டுப்போனால் எதை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்பதே இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

இதைக் கடைசியாக ஒரு தோட்டில் பொருத்திப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து போன தங்கம் எத்தனை காதுகளில் தோடாக மாறியிருக்கும் என்று ஒருவராலும் எண்ண முடியாது. தோட்டின் பின்னால் திருகும் துண்டுக்குத் 'திருகாணி' என்று பெயர். அதற்கு எதிராக உள்ளே மரை வெட்டிய குழலை ஆசாரிகள் 'சுரை' என்பார்கள். பெயர் திருகாணிதான், ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள். தண்டு காதின் துளை வழியே உரசாமல் நுழைகிறது. துளையில் மரை இல்லை. முன்னால் தோட்டின் முகம், பின்னால் திருகு, நடுவில் மெல்லிய சதை. துணையைக் கையோடு கொண்டுவந்து இருபுறமும் இருந்து பிடிக்கும் நட்டு போல்ட் அமைப்பு இது.

பொற்கொல்லர் வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? நுழையும் பொருள் உயிருள்ள சதை. அதன்மீது மரையின் பாரத்தை ஏற்ற முடியாது. தேய்வதும் கழல்வதும் நகையின் பங்காகட்டும், காது காயப்படாமல் இருக்கட்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தார். பொறியியல் நூல் எதையும் புரட்டாமலே ஒரு பட்டறையில், ஒரு பெண் குழந்தையின் காதை நினைத்து, "நட்டோடயா, சும்மாவா?" என்ற கேள்விக்கு யாரோ ஓர் ஆசாரி சரியான பதிலைச் சொல்லிவிட்டார்.